நியூயார்க் நகரச் சாசனத் திருத்தம்: கருத்துக்கேட்புக் கூட்டம் முதல் வாக்குச்சீட்டு வரை ஒரு கையேடு

மேயர் யாரையெல்லாம் நியமிக்கலாம், 51 பேர் கொண்ட நகர மன்றம் எதைத் தடுக்கலாம், உங்கள் தெருமுனையில் இருபது மாடிக் கட்டடம் எழும்புவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும்? நியூயார்க்கில் இந்தக் கேள்விகளுக்கு விடை நகரச் சாசனத்தில் இருக்கிறது. அதைத் திருத்த அவ்வப்போது ஒரு சாசனத் திருத்த ஆணையம் அமைப்பார்கள். ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும், அறிக்கை எழுதும், சில கேள்விகளை நவம்பர் தேர்தலின் வாக்குச்சீட்டில் வைக்கும்.

பலருக்கு அந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான் தெரியும். வாக்குச்சாவடியில் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'இது எப்போ வந்தது?' என்பார்கள். அந்த நேரத்தில் கையில் இருப்பது ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே. கேள்வியின் வாசகத்தை மாற்ற முடிந்த காலம் அதற்கு மூன்று மாதம் முன்பே முடிந்துபோயிருக்கும். அந்தக் காலத்தில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம். வாக்களிப்பது பற்றி இரண்டு பத்தி போதும்.

குடியுரிமை இல்லாதவர்கள் இதில் கலந்துகொள்ளலாமா என்பது நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. வாக்களிக்கக் குடியுரிமையும் வாக்காளர் பதிவும் கட்டாயம். குடியுரிமை இல்லாத சிலருக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு தரும் சட்டம் ஒன்றை நகரம் 2022-ல் கொண்டுவந்தது. மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் ஆணையத்தின் முன் பேச, எழுதிக் கொடுக்க யாருக்கும் தடையில்லை. ஹெச்-1பி விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், மாணவர் எல்லாரும் பேசலாம். யாரும் அட்டை கேட்பதில்லை.

சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு உதவும். சென்னை மாநகராட்சியும் 1687-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தந்த சாசனத்தால் பிறந்ததுதான். இன்று அதன் அடிப்படைச் சட்டத்தைக் கோட்டையில் சட்டமன்றம் இயற்றுகிறது. சென்னைவாசி அதன்மேல் நேராக வாக்களிப்பதில்லை. நியூயார்க்வாசி வாக்களிக்கிறார்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் குறை சாசனத்தில் தீருமா?

கூட்டங்களில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் வீணாகிறது. சப்வே கட்டணம் ஏறிவிட்டது என்று ஒருவர் மூன்று நிமிடம் பொரிந்து தள்ளுவார். சப்வேயை நடத்துவது மாநில அரசின் கீழுள்ள ஆணையம். நகரச் சாசனத்தில் எதைத் திருத்தினாலும் கட்டணம் ஒரு சென்ட்கூட அசையாது. வாடகைக் கட்டுப்பாடும் அப்படித்தான். மாநிலம் போட்ட வரம்பைத் தாண்டி நகரம் கடுமையான வாடகை விதிகள் கொண்டுவர 1971 முதல் தடை இருக்கிறது. பள்ளிகள் மேயரின் கட்டுப்பாட்டில் இருப்பதும் மாநிலச் சட்டத்தால்தான். 2002-ல் வந்த அந்த ஏற்பாட்டை மாநிலத் தலைநகரான ஆல்பனியில் மறுபடி மறுபடி நீட்டித்துவருகிறார்கள். தெருக்களில் வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைக்கவே 2024-ல் ஆல்பனியின் அனுமதி வேண்டியிருந்தது. புதிய வருமான வரி என்றாலும் அங்கேதான் போக வேண்டும்.

மாநிலத்தின் வரம்புக்குள் வராத விஷயம் என்றால், அடுத்த சல்லடை இது: வாக்கெடுப்பு தேவைப்படும் மாற்றமா, இல்லை நகர மன்றமே சாதாரணச் சட்டத்தால் செய்துவிடக் கூடியதா? தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் அதிகாரத்தைக் குறைப்பது, அந்தப் பதவியையே எடுத்துவிடுவது, பதவிக்காலத்தின் நீளத்தை மாற்றுவது போன்றவற்றுக்கு மாநிலச் சட்டப்படி மக்கள் வாக்கு வேண்டும். ஒரு துறைக்குப் புதுக் கடமை சேர்ப்பது, ஆண்டறிக்கை கேட்பது போன்றவற்றை மன்றம் சட்டமியற்றியே சாசனத்தில் சேர்த்துவிடலாம். அப்படிப்பட்ட கோரிக்கையோடு ஆணையத்திடம் போனால், 'மன்ற உறுப்பினரைப் பாருங்கள்' என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். பாதகமில்லை, மன்றத்தில் வேலை பெரும்பாலும் சீக்கிரமே முடியும்.

மூன்றாவதாக, ஒரே ஒரு கட்டடம், ஒரே ஒரு பூங்கா பற்றிய புகார். அது சாசனத்துக்கான விஷயமே அல்ல. அந்தக் கட்டடத்துக்கு அனுமதி வந்த நடைமுறையில் எந்தப் படி சரியில்லை என்று பிரித்துச் சொன்னால்தான் அது சாசன விஷயமாகிறது. நில அனுமதி நடைமுறையை இங்கே எல்லாரும் 'யூலர்ப்' என்பார்கள். வட்டார ஆலோசனைக் குழுவான கம்யூனிட்டி போர்டுக்கு 60 நாள், பரோ (நகரத்தின் ஐந்து பெரும்பகுதிகளில் ஒன்று) தலைவருக்கு 30, நகரத் திட்ட ஆணையத்துக்கு 60, நகர மன்றத்துக்கு 50 என்று ஏறக்குறைய ஏழு மாதம் ஓடும். 'எங்கள் தெருவில் அந்தக் கட்டடம் வேண்டாம்' என்பதில் ஆணையத்துக்கு வேலை இல்லை. '60 நாளில் போர்டால் முடிவெடுக்க முடியவில்லை, ஏனென்றால் வரைபடங்கள் கைக்கு வரவே பாதி நாள் போகிறது' என்றால் வேலை இருக்கிறது. 2019-ல் வாக்குச்சீட்டில் வந்து வென்ற ஒரு திருத்தம் இதே குறையிலிருந்து பிறந்ததுதான். நடைமுறை தொடங்கும் முன்பே திட்டத்தின் சுருக்கம் போர்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது.

இது யார் அமைத்த ஆணையம்?

மாநிலத்தின் நகராட்சித் தன்னாட்சிச் சட்டம் மூன்று வழி தருகிறது. மேயர் தானாகவே 9 முதல் 15 பேரை நியமிக்கலாம். யாருடைய ஒப்புதலும் வேண்டாம். நகர மன்றம் ஒரு சட்டம் போட்டு ஆணையம் அமைக்கலாம். வாக்காளர்கள் கையெழுத்து திரட்டியும் கேட்கலாம்.

எந்த வழி என்பதைப் பொறுத்து உங்கள் வியூகம் மாற வேண்டும். 2019 ஆணையம் மன்றத்தின் சட்டத்தால் வந்தது. அதன் 15 பேரில் மேயர் நியமித்தவர்கள் 4, மன்றத் தலைவர் நியமித்தவர்கள் 4, மக்கள் குறைகளைக் கவனிக்கும் பப்ளிக் அட்வகேட்டும் நகர நிதியைத் தணிக்கை செய்யும் கம்ப்ட்ரோலரும் தலா ஒருவர், ஐந்து பரோ தலைவர்களும் தலா ஒருவர். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அது ஓராண்டுக்கும் மேல் உட்கார்ந்து சாசனம் முழுவதையும் புரட்டியது. அப்படிப்பட்ட ஆணையத்தில் உங்கள் பரோவின் பிரதிநிதி யார் என்று பார்த்து அவருடைய அலுவலகத்தை அணுகலாம். ஒரு கருத்து ஊறவும் நேரம் இருக்கும்.

இதற்கு நேரெதிர் 2024. மேயர் மே மாதக் கடைசியில் 13 பேரை நியமித்தார், ஜூலை முடிவதற்குள் இறுதி அறிக்கை வந்துவிட்டது. அறிவிப்பைப் பார்த்த பிறகு சாசனத்தைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. மேயரின் ஆணையம் வசந்த காலத்தில் அறிவிக்கப்பட்டால் எட்டு வாரம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். முந்தைய டிசம்பரிலேயே அறிவித்தால், 2025 ஆணையத்துக்குப் போல, ஏழு மாதம் கிடைக்கலாம்.

மேயர் ஆணையத்தை அறிவிக்கும்போது வீட்டு வசதி, பட்ஜெட் என்று ஒரு தலைப்பைச் சொல்வார். சட்டப்படி ஆணையம் முழுச் சாசனத்தையும் பரிசீலிக்க வேண்டும், அதனால் வேறு தலைப்பில் பேசுவதை யாரும் தடுக்க முடியாது. நடைமுறையில், அறிவித்த தலைப்போடு ஒட்டுகிற கருத்துக்குத்தான் பணியாளர்கள் நேரம் ஒதுக்குவார்கள். உங்கள் கோரிக்கையை அந்தத் தலைப்பின் கோணத்திலிருந்து சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

மேயரின் ஆணையங்களைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அவை ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் வைத்தால், அதே தேர்தலுக்கு நகர மன்றம் வைத்திருந்த கேள்வி தள்ளிப்போகும். 1998-ல் யாங்கி ஸ்டேடியம் பற்றி மன்றம் நடத்த நினைத்த வாக்கெடுப்பு இப்படித்தான் நின்றது. மேலும் பல துறைத் தலைவர்களின் நியமனத்துக்கு மன்ற ஒப்புதல் வேண்டும் என்ற கேள்வி 2024-ல் இப்படியே வெளியேறியது. எனவே ஓர் ஆணையம் திடீரென்று அவசரமாக அமைந்தால், அது எந்தக் கேள்வியை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பது சந்தேகப் புத்தி அல்ல, பழக்கப்பட்டவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கையெழுத்து வழியைப் பற்றிச் சுருக்கமாக. திருத்தத்தின் முழு வாசகத்தோடு 30,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். மன்றம் இரண்டு மாதத்தில் ஏற்காவிட்டால் இன்னும் 15,000 கையெழுத்து வாங்கி வாக்குச்சீட்டுக்குக் கொண்டுபோகலாம். முகவரி பொருந்தாதது, பதிவில்லாதது, இருமுறை போட்டது என்று நிறைய கழிந்துபோகும் என்பதால் தேவைக்கு மேல் பல மடங்கு சேர்க்க வேண்டும். வாசகத்தில் ஓட்டை இருந்தால் நீதிமன்றத்தில் முழுவதும் விழுந்துவிடும். 1993-ல் பதவிக்கால வரம்பு இந்த வழியில் வந்தது, அதன் பின்னால் ஒரு கோடீஸ்வரர் இருந்தார். பணமும் தேர்தல் வழக்கறிஞரும் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

சாசனத்தைப் படிக்கும் முறை

முழுச் சாசனமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். உங்கள் விஷயத்துக்கான பிரிவை மட்டும் தேடி, அதில் மூன்று வகைச் சொற்களை அடிக்கோடிடுங்கள்: 'செய்ய வேண்டும்' என்று கட்டளையிடும் இடம், 'செய்யலாம்' என்று விட்டுவிடும் இடம், பணத்தைப் பற்றிய நிபந்தனை. சண்டை எப்போதும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பார்ப்போம். நகரத்தில் 59 கம்யூனிட்டி போர்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை சம்பளமில்லாமல் உட்கார்ந்து நிலத் திட்டங்களுக்குக் கருத்துச் சொல்கிறார்கள். எதிரில் கட்டட நிறுவனம் வழக்கறிஞரையும் கட்டடக் கலைஞரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. போர்டிடம் வரைபடத்தைப் படித்துச் சொல்லக்கூட ஆள் இருப்பதில்லை. 'போர்டுக்கு ஒரு நகரமைப்பு வல்லுநர் வேண்டும்' என்பது ஆண்டாண்டு காலமாக வரும் கோரிக்கை.

2800-ஆம் பிரிவைத் திறந்தால் ஆச்சரியம்: வல்லுநர்களை அமர்த்திக்கொள்ள போர்டுகளுக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே 'பட்ஜெட்டில் அதற்கென ஒதுக்கிய தொகைக்குள்' என்ற நிபந்தனை நிற்கிறது. ஒதுக்கீடு இல்லை, அதனால் வல்லுநரும் இல்லை. இதைப் படிக்காமல் 'போர்டுக்கு வல்லுநரை வைத்துக்கொள்ள உரிமை கொடுங்கள்' என்று கேட்டால், 'அது இருக்கிறதே' என்ற ஒரே வரியில் கதை முடியும். 2018-ல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட திருத்தம் புதிதாகக் குடிமைப் பங்கேற்பு ஆணையம் ஒன்றை உருவாக்கி, போர்டுகளுக்கு நகரமைப்பு உதவி செய்யும் கடமையை அதனிடம் கொடுத்தது. உதவி ஒரு மைய அலுவலகத்தின் கைக்குப் போனது, போர்டின் கையில் பணம் வரவில்லை. அதனால் இனி கேட்கிறவர் அந்தத் திருத்தத்தையும் படித்திருக்க வேண்டும், அது ஏன் போதவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டியது பணத்தைச் சாசனத்திலேயே கட்டிப்போடும் வாசகம். அதற்கு முன்னுதாரணம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக. 1989 திருத்தம் கொண்டுவந்த சுயேச்சை பட்ஜெட் அலுவலகத்துக்கு, மேயரின் பட்ஜெட் அலுவலகத்துக்கு ஆகும் தொகையில் குறைந்தது 10 சதவீதம் தர வேண்டும் என்று சாசனமே சொல்கிறது. காவல் துறைமீதான புகார்களை விசாரிக்கும் வாரியத்தின் பணியாளர் எண்ணிக்கையை, சீருடைக் காவலர் எண்ணிக்கையில் குறைந்தது 0.65 சதவீதம் என்று 2019-ல் கட்டினார்கள். அதே தேர்தலில் பப்ளிக் அட்வகேட்டுக்கும் பரோ தலைவர்களுக்கும் குறைந்தபட்ச பட்ஜெட் உத்தரவாதம் வந்தது. ஆக, இன்னோர் அலுவலகத்தின் தொகையோடு கட்டலாம், ஆள் எண்ணிக்கையோடு கட்டலாம், ஓர் ஆண்டின் தொகையை அடிமட்டமாக வைக்கலாம். எதைக் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். நகரத்தின் வரவு செலவு மோசமாகும் ஆண்டில் விதிவிலக்கு கொடுப்பீர்களா என்பதையும் யோசித்து வையுங்கள். ஆணையத்தின் சட்ட ஆலோசகர் எழுப்பும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

எழுத்துக் கருத்துரை

மேடையில் பேசுவதைவிட எழுதிக் கொடுப்பதே முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஆணைய உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை, பெரும்பாலோர் வேறு பெரிய வேலைகளில் இருப்பவர்கள். அறிக்கையை எழுதுவது இயக்குநர், வழக்கறிஞர்கள், ஆய்வாளர்கள் அடங்கிய சிறு பணியாளர் குழு. அவர்கள் இரவு பத்து மணிக்குக் கோப்பைத் திறக்கும்போது உங்கள் குரல் அங்கே இருக்காது, காகிதம்தான் இருக்கும்.

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வரியிலேயே பிரிவு எண்ணும் கோரிக்கையும் வரட்டும். மேலே சொன்ன உதாரணத்துக்கு இப்படி அமையலாம்:

"பொருள்: 2800-ஆம் பிரிவு. கம்யூனிட்டி போர்டு ஒவ்வொன்றுக்கும் முழுநேர நகரமைப்பு வல்லுநர் ஒருவருக்கான ஊதியம், போர்டின் மற்ற ஒதுக்கீட்டிலிருந்து தனியாக.

இன்றைய வாசகம்: அமர்த்தும் அதிகாரம் உண்டு, பட்ஜெட் ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது.

கேட்கும் மாற்றம்: 'ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு வல்லுநரின் ஊதியத்துக்குக் குறையாத தொகையை ஆண்டுதோறும் தனியாக ஒதுக்க வேண்டும், அதை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது.'

செலவு: 59 பணியிடம்.

முன்னுதாரணம்: சுயேச்சை பட்ஜெட் அலுவலகத்தின் ஒதுக்கீடு, 2019-ன் குறைந்தபட்ச பட்ஜெட் திருத்தம்."

வாசகத்தைச் சட்ட மொழியில் எழுத முயல வேண்டாம். அது அவர்கள் வேலை. என்ன விளைவு வேண்டும் என்பது சந்தேகமில்லாமல் இருந்தால் போதும். செலவை நீங்களே கணக்கிட்டுக் கொடுப்பது பெரிய பலம். நகரத்தில் வேலை விளம்பரங்களில் ஊதிய வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்று 2022 நவம்பர் முதல் சட்டம் இருக்கிறது. நகர அரசே வெளியிடும் நகரமைப்பு வல்லுநர் விளம்பரத்திலிருந்து தொகையை எடுத்து 59-ஆல் பெருக்குங்கள், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் தனி என்று ஒரு வரி சேருங்கள். எதிர்த்தரப்பு சொல்லப்போவதற்கும் ஒரு பத்தி கொடுங்கள்: 'வேலை குறைவான போர்டுக்கு முழுநேர ஆள் தேவையா?' என்று கேட்பார்கள். இரண்டு போர்டுகள் பகிர்ந்துகொள்ளலாம் என்பீர்களோ, மாட்டேன் என்பீர்களோ, அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவது நம் சங்கங்களில் வழக்கம். நூறு கடிதமும் அறிக்கையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அதே கோரிக்கையை ஆறு பேர் ஆறு தொழில் அனுபவத்திலிருந்து எழுதினால் ஆறு பத்தி கிடைக்க வாய்ப்புண்டு.

மூன்று நிமிடம்

ஆணையம் ஐந்து பரோக்களிலும் சுற்றி வரும். கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடக்கும். காணொளி வழியாகவும் பேசலாம். முன்பதிவு இணையத்தில் திறக்கும். முன்பதிவு செய்யாதவர் வாசலில் பெயர் கொடுக்கலாம், ஆனால் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். அழைக்கப்பட்ட வல்லுநர்கள் முதலில் பேசுவார்கள், உறுப்பினர்கள் அவர்களைக் கேள்வி கேட்பார்கள். உங்கள் முறை வர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியவர்கள் காணொளியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தமிழில்தான் பேச வசதி என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க உரிமையுண்டு. கூட்ட அறிவிப்பிலேயே எத்தனை நாள் முன்பு கேட்க வேண்டும் என்று இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டுவிட்டு வாசலில் கேட்டால் கிடைக்காது.

ஒருவருக்கு மூன்று நிமிடம் என்பது வழக்கம். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் 350 முதல் 400 சொல். நீங்கள் 300 சொல்லுக்கு எழுதுங்கள். பெயர், வசிக்கும் பகுதி, கோரிக்கை, பிரிவு எண் நான்கும் முதல் இருபது வினாடியில் வந்துவிட வேண்டும். நன்றியுரை, ஆணையத் தலைவருக்குப் பாராட்டு, நம் ஊர்க் கூட்டங்களில் வழக்கமான 'மேடையில் வீற்றிருக்கும்' எல்லாம் இங்கே ஒரு நிமிடத்தை விழுங்கிவிடும். மணி அடித்ததும் ஒலிவாங்கியை அணைத்துவிடுவார்கள், கோரிக்கை தொண்டையிலேயே நிற்கும். எழுத்துக் கருத்துரையை வாசிக்காதீர்கள். அதில் இல்லாத ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்: எந்த மாதம், எந்தத் திட்டம், எத்தனை பக்க ஆவணம் போர்டுக்கு வந்தது, அதை யார் படித்தார்கள்.

உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்டால் அது பரிசு; அதற்கான நேரம் பெரும்பாலும் உங்கள் மூன்று நிமிடத்தில் சேராது. தெரியாவிட்டால் 'எழுதி அனுப்புகிறேன்' என்று சொல்லி, அந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தின் காணொளியும் எழுத்துப் பதிவும் வெளியாகும். பெயர் தவறாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; நம் பெயர்கள் அதில் படும் பாடு தனிக்கதை.

முதல்நிலை அறிக்கை: எல்லாம் முடிவாகும் இடம்

சில சுற்றுக் கூட்டங்களுக்குப் பிறகு பணியாளர்கள் முதல்நிலை அறிக்கை ஒன்றை வெளியிடுவார்கள். எந்தக் கருத்தைத் தொடரப் போகிறார்கள், எதை விட்டுவிடப் போகிறார்கள் என்பது அதில் தெரியும். பெரும்பாலோர் முதல் கூட்டத்தில் பேசிவிட்டு இந்தக் கட்டத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். வேலை உண்மையில் இங்கே தொடங்குகிறது.

உங்கள் கோரிக்கை மூன்றில் ஒரு நிலையில் இருக்கும். அறிக்கையில் வந்திருந்தால், வாசகம் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பாருங்கள். 'தனியாக ஒதுக்க வேண்டும்' என்று நீங்கள் கேட்டது 'ஒதுக்கீட்டைப் பரிசீலிக்க வேண்டும்' என்று வந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லைக் குறித்து அடுத்த சுற்றில் பேசுங்கள். சட்டத் தடை காரணமாக விலக்கியிருந்தால், அந்தத் தடை உண்மைதானா என்று ஒரு வழக்கறிஞரிடமோ சட்டக் கல்லூரியின் மாணவர் மன்றத்திலோ கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள். 'ஆர்வமூட்டும் கருத்து, மேலும் ஆய்வு தேவை' என்று இருந்தால் இந்த ஆண்டு இல்லை என்று பொருள். அதற்காகவும் மனம் தளர வேண்டாம். ஆணையம் தேர்தலோடு கலைந்துவிடும், ஆனால் இறுதி அறிக்கையில் 'எதிர்காலப் பரிசீலனைக்கு' என்ற பகுதியில் இடம்பிடித்த கருத்தை அடுத்த ஆணையத்தின் பணியாளர்கள் முதல் வாரத்திலேயே படிப்பார்கள்.

அறிக்கையில் வந்தாலே வென்றாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2025-ல் கட்சி வேறுபாடின்றி எல்லா வாக்காளர்களும் கலந்துகொள்ளும் முதல்சுற்றுத் தேர்தல் (நவம்பர் தேர்தலுக்கு முந்தைய வேட்பாளர் தேர்வு) என்ற யோசனை அறிக்கைகளில் வலுவாக இருந்தது. கருத்தொற்றுமை இல்லை என்று ஜூலையில் கைவிட்டார்கள். 

இறுதி அறிக்கையில் கேள்விகளும் திருத்தத்தின் முழு வாசகமும் இருக்கும். ஆணையத்தின் வாக்கோடு அவை நேராக வாக்குச்சீட்டுக்குப் போகின்றன. மன்றமோ மேயரோ இடையில் நிறுத்த முடியாது. நவம்பர் தேர்தல் என்றால் இது பொதுவாக ஆகஸ்டு தொடக்கத்துக்குள் முடிந்துவிடும்.

வாக்குச்சீட்டு

கேள்விகள் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும். பல திருத்தங்களை ஒரு கேள்விக்குள் கட்டிவிடுவதும் உண்டு: 2019-ல் 19 திருத்தங்கள் ஐந்து கேள்விகளில் அடங்கின. பிடித்ததும் பிடிக்காததும் ஒரே கேள்வியில் இருந்தால் பிரித்து வாக்களிக்க முடியாது. அந்தக் கேள்வியில் பதிவான வாக்கில் பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் போதும். காலியாக விட்டவர் கணக்கில் இல்லை. தேர்தல் நிதி வாரியம் வீடுகளுக்கு அனுப்பும் வாக்காளர் கையேட்டில் ஆதரவு, எதிர்ப்புக் கருத்துகளைப் பொதுமக்களிடமிருந்து வாங்கிச் சேர்க்கிறார்கள். இது இலவசம், இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. கடைசித் தேதி கோடையிலேயே வந்துவிடும்.

எல்லாமே தேறிவிடும் என்று எண்ண வேண்டாம். 2019-ல் ஐந்தும் வென்றன. முதல்சுற்றிலும் இடைத்தேர்தலிலும் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை அப்படி வந்ததுதான். 2024-ல் ஐந்தில் நான்கு. 2025-ல் வீட்டு வசதி, நகர வரைபடம் பற்றிய நான்கும் வென்றன, நகரத் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றும் கேள்வி தோற்றது. 2003-ல் கட்சி சாராத தேர்தல் கேள்விக்கு மேயரே முன்னின்றும் பத்தில் ஏழு பேர் 'இல்லை' என்றார்கள். பதிவுக்கான கடைசி நாள் தேர்தலுக்கு 10 நாள் முன்பு. வாக்குச்சாவடியிலிருந்து 100 அடிக்குள் துண்டறிக்கை கொடுக்கக் கூடாது.

வென்ற பிறகு

சாசனத்தில் ஏறிய வாசகத்தை நடைமுறைப்படுத்தத் துறைகள் விதி எழுத வேண்டியிருக்கும். வரைவு விதி நகரத்தின் அரசிதழான 'சிட்டி ரெக்கார்ட்'டில் வரும். கருத்துச் சொல்லப் பொதுவாக 30 நாள் இருக்கும். 'முழுநேர வல்லுநர்' என்றால் வாரத்துக்கு எத்தனை மணி, யார் தேர்ந்தெடுப்பது, பணியிடம் காலியானால் அந்தப் பணம் எங்கே போகும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

மக்கள் வாக்களித்து வந்த திருத்தத்தையும் மன்றம் பின்னால் சட்டமியற்றி மாற்ற முடியும். 1993-ல் வாக்காளர்கள் வைத்த இரண்டு முறை வரம்பை 2008-ல் மன்றம் வாக்கெடுப்பு இல்லாமலே மூன்று முறையாக்கியது. நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. 2010-ல் வாக்காளர்கள் மறுபடி இரண்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதே வாக்கெடுப்பில், பதவியில் இருப்பவர்கள் தங்களுக்காகவே வரம்பை நீட்டிக்கொள்ள மன்றத்துக்குத் தடையும் போட்டார்கள். உங்கள் பிரிவு எண்ணை மன்றத்தின் சட்ட முன்வடிவுத் தேடலில் ஆண்டுக்கு இருமுறையாவது போட்டுப் பாருங்கள். முன்வடிவு குழுவின் முன் வரும் நாளில் அங்கேயும் பொதுமக்களுக்குப் பேச நேரம் உண்டு. பெரும்பாலும் இரண்டோ மூன்றோ நிமிடம்.